மடியில் இருக்கும் பார்வையாளர்: ‘விக்ரம்’ (2022) திரைப்படமும் சிறார்க்கு ஏற்புடைமை பற்றிய மதிப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

உளவாளியை நாயகனாகக் கொண்ட சண்டைப் படங்கள் சிறுவர் பார்ப்பதற்கு ஏற்றவையா என்னும் வினா, தமிழ்த் திரைத் திறனாய்வில் பெரும்பாலும் தணிக்கை பற்றிய விவாதமாகவே முடிந்துவிடுகிறது. குருதியின் அளவையும் வெட்டுகளின் எண்ணிக்கையையும் விட, வன்முறை எந்த மெய்ப்பாட்டோடு இணைத்துக் காட்டப்படுகிறது என்பதே குழந்தையின் நோக்கில் முதன்மையானது என இக்கட்டுரை வாதிடுகிறது. லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘விக்ரம்’ (2022) இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் பிள்ளைத்தமிழ் இலக்கணத்தின் ஒரு விதியும் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உளவுத் திரைப்படம், சிறார் பார்வையாளர், திரைப்படச் சான்றிதழ், மெய்ப்பாடு, பிள்ளைத்தமிழ், விக்ரம்.

முன்னுரை

2022 ஜூன் 3 அன்று வெளியான ‘விக்ரம்’ யு/ஏ சான்றிதழ் பெற்ற படம். போதைப்பொருள் கும்பலுக்கும் அரசால் கைவிடப்பட்ட ஓர் உளவுப் படைக்கும் இடையிலான மோதலே அதன் கதை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தில் துப்பாக்கிச் சூடு, கழுத்தறுப்பு, வெடிப்பு, சித்திரவதை ஆகிய அனைத்தும் உண்டு. எனினும் அதன் உணர்ச்சி மையத்தில் இருப்பது ஒரு கைக்குழந்தை. இம்முரண் காரணமாகவே அப்படம் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. குழந்தையைக் காப்பதற்காகவே நிகழ்வதாகச் சொல்லப்படும் சண்டையைக் குழந்தைக்குக் காட்டலாமா?

இவ்வினாவுக்கு ‘கூடாது’ என்று ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது, அதில் பயனில்லை. எந்தக் காட்சி, எந்த வயதினர்க்கு, எக்காரணத்தால் ஏலாது என்று கூற இயலாத விலக்கு, பெற்றோர்க்கும் உதவாது, திறனாய்வுக்கும் உதவாது.

சான்றிதழ் என்னும் அளவுகோல்

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் நெடுங்காலம் யு, ஏ என்னும் இரு பிரிவுகளையே நடைமுறையில் கொண்டிருந்தது. யு/ஏ என்னும் இடைப்பிரிவு ஒரு திருத்தத்தால் 1983இல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அழைத்துச் செல்வதா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் எச்சரிக்கையே அதன் உள்ளடக்கம். ஏ சான்று சட்டப்படியான தடை; யு/ஏ வெறும் அறிவுரை. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது. இவையும் பெற்றோர்க்கான வழிகாட்டல்களே அன்றித் திரையரங்க வாயிலில் செயற்படும் தடைகள் அல்ல.

இந்தியத் தணிக்கை வரலாற்றின் முதன்மையான வழக்கு, சிறார்க்கு ஏற்புடைமை பற்றிய தகராறிலிருந்தே தோன்றியது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. கே.ஏ. அப்பாஸ் தம் ‘நான்கு நகரங்களின் கதை’ என்னும் ஆவணப்படத்திற்கு யு சான்று கோரினார். ஏ சான்றே தரப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1970இல் வழங்கப்பட்ட தீர்ப்பு முன்தணிக்கையைச் செல்லும் என ஏற்றது. திரைப்படம் ஏனைய கலை வடிவங்களைவிட ஆழமாக உணர்ச்சிகளைக் கிளர்த்துவது என்பது அத்தீர்ப்பின் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று. ஆனால் எவ்வுணர்ச்சி, யாரிடத்தில், எவ்வாறு கிளர்கிறது என்னும் ஆய்வை நீதிமன்றம் மேற்கொள்ளவில்லை. அது அதன் பணியும் அன்று. திறனாய்வு செய்திருக்க வேண்டிய அப்பணி இன்றளவும் பெரிதும் செய்யப்படாமலே உள்ளது.

1991ஆம் ஆண்டின் சான்றளிப்பு நெறிமுறைகள், குழந்தைகளை வன்முறைக்கு ஆளாவோராகவோ, அதனைச் செய்வோராகவோ, வலிந்து காண வைக்கப்படுவோராகவோ தேவையின்றிக் காட்டலாகாது என்கின்றன. இது திரைக்குள் இருக்கும் குழந்தையைப் பற்றிய விதி. திரைக்கு எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையைப் பற்றி நெறிமுறைகள் கூறுவது, யு சான்று பெறும் படம் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதும், ஐயம் இருப்பின் பெற்றோரை எச்சரிக்க வேண்டும் என்பதுமே. வலிந்து காண வைக்கப்படும் குழந்தை என்னும் தொடர், இரவுக் காட்சியில் தாயின் மடியில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் பொருந்தும் அல்லவா?

ஒரே படத்தை இரு நாட்டு வாரியங்கள் எவ்வாறு நோக்கின என்பது இங்குக் கருதத்தக்கது. 2015இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஸ்பெக்டர்’, பிரித்தானியாவில் 12ஏ சான்று பெறுவதற்காக, கண்ணைக் குத்தும் காட்சியிலும் தற்கொலைக்குப் பின்னரான குருதிக் காட்சியிலும் குறைப்புக்கு உள்ளானது. இந்தியாவிலோ முத்தக் காட்சிகளின் நீளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அங்கே கண், இங்கே இதழ். பாலியலை அஞ்சும் அளவுக்கு வன்முறையை அஞ்சாத ஒரு மரபு நம்மிடம் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. பிரித்தானியாவில் 12ஏ என்னும் பிரிவு 2002இல் ஏற்பட்டபோது அதன்கீழ் முதலில் சான்று பெற்ற படமும் ஓர் உளவுப் படமே: ‘தி போர்ன் ஐடென்டிட்டி’. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையுடன் மட்டுமே வரலாம் என்பது அப்பிரிவின் விதி. சிறார்க்கும் முதியோர்க்கும் இடைப்பட்ட அந்த வழுக்கு நிலத்தில் உளவுப் படமே அடிக்கடி நிற்கிறது என்பது தற்செயலன்று.

பொருளியல் காரணமும் உண்டு. ஏ சான்று பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே ஒளிபரப்ப இயலாது. தமிழ்நாட்டில் 2011 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை கேளிக்கை வரிவிலக்குப் பெற யு சான்று ஒரு நிபந்தனையாக இருந்தது. ஆகவே சான்றிதழ் என்பது குழந்தையின் நலன் குறித்த தீர்ப்பாக மட்டும் இல்லை. ஒரு வணிகப் பண்டத்தின் தர முத்திரையாகவும் உள்ளது. தயாரிப்பாளர் யு/ஏ பெற விழைவதும், சில காட்சிகளைத் தாமே முன்வந்து குறைப்பதும் இதனாலேயே. 2025இல் இதே இயக்குநரின் ‘கூலி’ ஏ சான்று பெற்றபோது, தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கும் அதன் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

ஓசைக்கு அஞ்சும் குழந்தை

‘விக்ரம்’ படத்தில் வரும் பேரக்குழந்தைக்கு இதயத்தசை தடிக்கும் நோய். உரத்த ஓசை அதன் உயிருக்கு ஊறு செய்யும். வளர்ப்பு மகனை இழந்த கர்ணன் என்னும் முதியவர், குடியும் போதையும் பெண் நாட்டமும் உடையவராகத் தோற்றமளித்துக்கொண்டு, அக்குழந்தையை ஓசையிலிருந்து காக்கிறார். அவரே முன்னாள் உளவாளி விக்ரம் என்பது இடைவேளையில் வெளிப்படுகிறது. உச்சக்கட்டத்தில் குழந்தையின் மூச்சு தடைப்படும்போது, சண்டையின் நடுவே அதனை அவர் மீட்கிறார்.

திரைக்கதை என்னும் அளவில் இது திறமான அமைப்பு. துப்பாக்கி, வெடிகுண்டு, பீரங்கி என ஓசையே கருவியாகிய ஒரு படத்தில், ஓசையே பகையாகிய ஓர் உயிரை நடுவில் வைப்பது எளிய உத்தியன்று. ஒவ்வொரு வெடிச்சத்தமும் ‘குழந்தை என்னாயிற்று’ என்னும் பதற்றத்தை எழுப்புகிறது. வன்முறைக்கு ஒரு விலை உண்டு என்பதை வசனமின்றி உணர்த்தும் இடங்கள் இவை. இதனைப் படத்தின் பெருமைகளுள் முதலாவதாக வைக்கத் தயக்கமில்லை.

ஆனால் அதே காட்சியைத் திரையரங்கில் வைத்து நோக்குக. திரையில் தாத்தா பேரனின் செவியை ஓசையிலிருந்து காக்கிறார். அரங்கின் நாற்புறமும் ஒலிபெருக்கிகள் அதே ஓசையை மடியிலுள்ள குழந்தையின் செவியில் கொட்டுகின்றன. நான் அரங்கில் பார்த்தபோது முன்வரிசையில் ஒரு சிறுமி இரு கைகளாலும் காதைப் பொத்தியபடியே இருந்தாள். படத்தின் அறம் திரைச்சீலையோடு நின்றுவிடுகிறது. சான்றளிப்பு நெறிமுறைகளில் வன்முறை, ஆபாசம், போதை எனக் காட்சிப்பொருள் சார்ந்த தலைப்புகள் உள்ளன. ஒலியின் கடுமை தனித் தலைப்பாக இல்லை. மிக இளங்குழந்தைக்குக் கதை விளங்காது, ஆதலால் தீங்கில்லை என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். கதை விளங்காத வயதில் எஞ்சுவது ஓசையும் ஒளித்தெறிப்பும் மட்டுமே என்பதே இதற்கு மறுப்பு.

முகமூடியும் தீர்ப்பின் தலைமாற்றமும்

உளவுக் கதை பிற சண்டைக் கதைகளிலிருந்து வேறுபடுவது, அதில் கொலை உரிமம் பெற்ற செயலாக இருப்பதாலும், மனிதர் எவரும் தோற்றத்தில் உள்ளவரல்லர் என்பதாலும் ஆகும். 1986இல் சுஜாதாவின் எழுத்தில் வந்த பழைய ‘விக்ரம்’ இவ்விரண்டையும் எளிமையாகக் கையாண்டது. அங்கே கடத்தப்பட்ட ஏவுகணை உண்டு, அதனை மீட்க அரசு அனுப்பும் ஒற்றர் உண்டு. நல்லோர் தீயோர் பிரிவு முதலிலேயே வகுக்கப்பட்டுவிடுகிறது. 2022ஆம் ஆண்டுப் படம் அப்பிரிவைக் குழப்பிவிட்டுத் தொடங்குகிறது. முகமூடி அணிந்த கும்பல் ஒன்று காவல் அதிகாரிகளைக் கொல்கிறது. அதனைப் புலனாய்வு செய்ய வரும் அமரின் கண்வழியே நாம் அக்கொலைகளை ஐயத்தோடு காண்கிறோம். இடைவேளைக்குப்பின் அதே முகமூடியர் நாயகர் ஆகின்றனர். அதே வகைச் செயல்கள் கைதட்டலுக்குரியன ஆகின்றன.

வளர்ந்த பார்வையாளர் இத்தலைமாற்றத்தில் இன்பம் காண்கிறார். தாம் முன்பு கொண்ட தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் அறிவு விளையாட்டு அது. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு இவ்விளையாட்டின் விதி தெரியாது. அது பெறக்கூடிய பாடம் வேறு: செயல் தீயதன்று, செய்பவர் யார் என்பதைப் பொறுத்தே தீமை. அரசு கைவிட்ட படை, பதிவேட்டில் இல்லாத வீரர், சட்டத்துக்குப் புறம்பான தண்டனை ஆகியவற்றைச் சட்டத்தைப் பற்றி ஏதோ ஒன்று அறிந்தவர்தாம் மீறலாக உணர முடியும். விதியை அறியாதவர்க்கு விதிவிலக்கே விதியாகிவிடுகிறது. இளஞ்சிறார்க்கு உளவுப் படம் ஏலாமைக்குக் குருதியைக் காட்டிலும் இதுவே வலுவான காரணம் என்பேன்.

அச்சமும் வெகுளியும் பெருமிதமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை. வெகுளியின் நான்கையும் நோக்கினால், இற்றைச் சண்டைப் படத்தின் கதைக்கூறுகள் முழுவதும் அதில் அடங்கிவிடக் காணலாம்: உறுப்பு அறுபடுதல், சுற்றத்துக்கு வரும் தீங்கு, அலைக்கழிப்பு, கொலை. இவை நிகழும்போது தோன்றவேண்டிய மெய்ப்பாடு வெகுளி; பெருமிதம் அன்று. பெருமிதத்தின் களனாகிய தறுகண் அஞ்சாமையைக் குறிப்பது. கொல்லுதலும் அஞ்சாமையும் ஒன்றல்ல என்னும் நுண்ணிய பிரிவு இவ்வகைப்பாட்டிலேயே உள்ளது.

இவ்வளவுகோலால் படத்தின் மூன்று இடங்களை ஒப்பிடலாம். முதலாவது, அமரின் மனைவி காயத்ரியின் கொலை. கொலைச்செயல் நம் கண்முன் நிகழ்வதில்லை. அதன் விளைவை அமர் காணும்போதே நாமும் காண்கிறோம். காட்சி கொடியது. ஆயினும் அது அழுகையோடும் வெகுளியோடும் பிணைந்தது. எவரும் அங்கே கைதட்டுவதில்லை. இரண்டாவது, வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர் ஏஜென்ட் டீனா என வெளிப்படும் சண்டை. கைக்குக் கிட்டியதைக் கொண்டு தாயையும் சேயையும் காத்து அவர் உயிர்விடுகிறார். அடுக்களையில் கண்டுகொள்ளப்படாதிருந்த பெண்ணொருத்தி, தன்னினும் வலியோர் முன் நிற்கும் அக்காட்சியில் உள்ளது தறுகண். அதன் விலையும் உடனே காட்டப்படுகிறது. பதின்பருவத்துப் பெண்குழந்தைகள் காணத்தக்க காட்சி என்றே இதனை மதிப்பிடுவேன், குருதி இருந்தபோதிலும்.

மூன்றாவது, படத்தின் இறுதியில் சூர்யா ஏற்ற ரோலெக்ஸ் என்னும் பாத்திரத்தின் வருகை. சில நிமிடங்களே நீளும் அக்காட்சியில் அவன் தன் கூட்டத்தார் முன்னிலையில் கொலை புரிகிறான்; குருதி தெறித்த முகத்தோடு பேசுகிறான்; பின்னணி இசை அவனை உயர்த்திப் பிடிக்கிறது. கொல்லப்படுபவனுக்காக வருந்த ஒருவரும் இல்லை, அச்செயலுக்குத் தண்டனையும் இல்லை. தமிழகத் திரையரங்குகளில் மிகுந்த ஆரவாரம் எழுந்த இடங்களுள் இதுவும் ஒன்று. வெகுளிக்கும் அச்சத்துக்கும் உரிய களன் ஒன்று பெருமிதத்தின் உடையில் வருகிறது. நிமிடக்கணக்கில் பார்த்தால் இது படத்தின் மிகச் சிறிய பகுதி. குழந்தையின் நினைவில் தங்குவது இதுவே. பள்ளி மாறுவேடப் போட்டிகளுக்கும் கைப்பேசிக் குறும்படங்களுக்கும் எளிதில் ஏற்பதும் இதுவே.

ஆல்பர்ட் பண்டுரா 1960களில் நிகழ்த்திய பொம்மைச் சோதனைகள் இங்கு நினைக்கத்தக்கன. வன்செயல் புரிந்தவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் கண்ட குழந்தைகள், அச்செயலைக் குறைவாகவே பின்பற்றினர் என்பது 1965ஆம் ஆண்டுச் சோதனையின் முடிவு. ஆய்வுக்கூடப் பொம்மைக்கும் திரையரங்கக் கதைக்கும் இடைவெளி மிகுதி. ஆதலால் இம்முடிவை அப்படியே பெயர்த்துவைப்பது தகாது. எனினும் தமிழ் மெய்ப்பாட்டு மரபு கேட்கும் வினாவும் அச்சோதனை கேட்ட வினாவும் நெருங்கியவை: வன்செயலோடு சேர்த்துக் காட்டப்படுவது எது?

போதைப்பொருளைப் பற்றியும் இதே முறையில் ஒன்று கூறலாம். போதையற்ற சமுதாயமே நோக்கம் என்பது நாயகனின் கூற்று. படத்தின் வசனங்கள் போதைக்கு எதிரானவை. ஆனால் விஜய் சேதுபதி ஏற்ற சந்தனம், அடிபட்டு விழும்போது ஒரு பொட்டலத்தைக் கடித்துப் புது வலிமை பெற்று எழுகிறான். சொல் அதனைக் நஞ்சென்கிறது. காட்சி அதனை அமுதமாக்குகிறது. கீரையைத் தின்று வலிமை பெறும் பாப்பாயின் கேலிப்படங்களைக் கண்டு பழகிய குழந்தைக்கு இக்காட்சியின் இலக்கணம் புதிதன்று.

பிள்ளைத்தமிழின் ஒரு விதி

குழந்தையை நோக்கிய கலையில் வன்முறைக்கு இடமுண்டா என்பதனைத் தமிழ் இலக்கண மரபு முன்னரே எண்ணியுள்ளது. பிள்ளைத்தமிழின் முதற் பருவமாகிய காப்பில் தெய்வங்களைக் குழந்தையைக் காக்குமாறு வேண்டும்போது, அத்தெய்வங்களின் கொலைத்தொழிலை விலக்கிப் பாட வேண்டும் எனப் பாட்டியல் நூல்கள் கூறுகின்றன. தீயோரை அழித்ததே அத்தெய்வங்களின் பெரும்புகழ். அப்புகழையே தொட்டிலின் அருகில் விலக்குக என்கிறது விதி. காக்கும் ஆற்றல் வேண்டும், கொன்ற கதை வேண்டா.

பிள்ளைத்தமிழைக் கேட்பவர் குழந்தையல்லர், கற்றறிந்த அவையினரே என்று மறுக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. பிற்பருவங்களில் வீரச்செயல்கள் பாடப்படுவதும் உண்மை. ஆயினும் பருவத்துக்கேற்ப உள்ளடக்கம் மாறவேண்டும் என்னும் எண்ணம் அங்கே வடிவ இலக்கணமாகவே இருந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டும் பருவத்துக்குரியது காப்புப் பருவத்துக்கு ஆகாது. 7, 13, 16 என்னும் படிகளை நம் சட்டம் 2023இல் வகுத்தது. மூன்றாம் திங்களுக்கும் ஐந்தாம் திங்களுக்கும் வேறுபாடு கண்ட மரபு இது.

படத்தின் மதிப்பீடு

‘விக்ரம்’ சான்று பெற்ற காலத்தில் வாரியத்தின் முன் இருந்த தெரிவுகள் யு/ஏ, ஏ என்னும் இரண்டே. அதே ஆண்டில் இணையத் தளங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி வயதுப் படிகளும், 13க்கு மேற்பட்ட பிரிவுகளுக்குப் பெற்றோர் பூட்டும் கட்டாயமாக இருந்தன. வீட்டில் கைப்பேசியில் பார்க்கும் சிறுவனுக்கு ஒரு பூட்டு. ஒலியும் திரையும் பன்மடங்கு பெரிதான அரங்கில் அதுவும் இல்லை. இதனை வாரிய உறுப்பினரின் கவனக்குறைவு என்பதினும் சட்டத்தின் குறை என்பதே பொருந்தும்.

இன்றைய படிகளில் வைத்தால் இப்படம் 16 என்னும் பிரிவுக்கே உரியது என்பது என் துணிபு. ரோலெக்ஸ் காட்சியை நீக்கிவிட்டால் 13க்கு இறக்கலாமா எனின், அக்காட்சியின்றி டீனாவின் சண்டையும் குழந்தையை மீட்கும் பகுதியும் மேலோங்கி, படம் தன் அறத்துக்கு நெருங்கி வரும் என்பதால், பெரியவர் உடனிருந்து பேசத் தயாராக இருக்குமிடத்து அதனை ஏற்கலாம். ஏழு வயதினர்க்கு எவ்வகைக் குறைப்பும் போதாது. முகமூடியின் தலைமாற்றம் கதையின் எலும்பு. அதனைக் கத்தரிக்க இயலாது.

பெற்றோரின் பொறுப்பு என்று சட்டம் கூறுவதன் நடைமுறைப் பொருளையும் எண்ண வேண்டும். படம் தொடங்குமுன் சில நொடிகள் தோன்றும் சான்றிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. அப்போது நுழைவுச்சீட்டு வாங்கியாயிற்று, குழந்தை இருக்கையில் அமர்ந்தாயிற்று. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குடும்பத்துக்கு, ஆண்டில் ஓரிரு முறை வாய்க்கும் திரையரங்கப் பயணம் அது. அவர்களை எழுந்து வெளியேறச் சொல்வது எளிது. சுவரொட்டியிலும் முன்பதிவுத் திரையிலும், தமிழில், ‘இப்படத்தில் கழுத்தறுப்பும் உரத்த வெடியோசையும் உண்டு’ என்று ஒரு வரி எழுதுவது அதனினும் எளிது. அவ்வரியை எழுத வேண்டிய கடமை மட்டும் இன்னும் ஒருவர்க்கும் தரப்படவில்லை.